பன்னாட்டு வணிக ஓய்வு மையம்

அச்சில் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் முழுப்பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து விசாரித்தால் ஏதோ ஓர் உண்மையில் போய் நிற்கும். சேர்த்துப் படித்தால்தான் வேறு யாரையோ பற்றி எழுதியது போல இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியரும் ஆறு மாணவர்களும் எங்கள் வாசலுக்கே வந்து இறங்கினார்கள். அன்று காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

டெல்லியில், நாடுகளுக்கிடையிலான உறவுகளை மட்டுமே சொல்லித்தரும் ஒரு முதுகலைக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். இரு பெரிய நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிறிய நாடுகளைப் பற்றி நூற்று இருபது பக்கம் எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன். பிறகு திருப்பூருக்கே திரும்பிவந்து, ராயபுரத்தில் அப்பா நடத்தும் குழந்தை உடை கம்பெனியில் உட்கார்ந்தேன். (வேறு வேலை கிடைக்காததால் என்று சொன்னால் அப்பா வருத்தப்படுவார். குடும்பத் தொழில்மேல் உள்ள பற்றினால் என்று போட்டுக்கொள்ளுங்கள்.) என் படிப்பு என்ன என்பது சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிபடவில்லை. குன்னத்தூர் பெரியம்மா மட்டும் ரொம்ப நம்பிக்கையோடு, "அப்ப விசா நீயே குடுத்துருவியா கண்ணு?" என்று கேட்டார்.

இது வரைக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கல்லூரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் நியூஸ்லெட்டர். அதில் கடைசி இரண்டு பக்கம் மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர் சாதனைகள். என் அறைத்தோழி ரூபினா லிஸ்பன் தூதரகத்தில் இருக்கிறாள், ஐரோப்பிய மாநாடு ஒன்றில் இந்தியக் குழுவுக்கு முக்கியப் பங்காற்றினாள். என்னிடம் நோட்ஸ் கடன் வாங்கிப் படித்த அமித், வட துருவப் பனி யாருக்குச் சொந்தம் என்று நார்வேயில் உரையாற்றினான். முதலாண்டுப் பொடிசு ஒன்று ஜெனீவாவில் பரிசு வாங்கியிருந்தது. நான் அன்றைக்குக் காலையில் செய்த சாதனை, இருநூறு பட்டனை எண்ணி ஒரு பட்டன் குறைகிறது என்று கண்டுபிடித்தது.

பக்கத்தின் அடியில் ஒரு வரி: உங்கள் சாதனையை ஐம்பது சொற்களில் அனுப்புங்கள்.

அனுப்பினேன். நான் பன்னாட்டு வணிக ஆய்வு மையம் ஒன்றின் நிறுவனர், இயக்குநர். (மாடியில் துணி சாம்பிள் வைக்கும் அறையில் ஒரு மேஜையைக் கொண்டுபோய்ப் போட்டது நான்தான், ஆகவே நிறுவனர். அங்கே ஃபேனை இயக்குவதும் நான்தான், ஆகவே இயக்குநர்.) ஐரோப்பியத் தரப்பு ஒன்றுடன் எழுந்த கடல் சார்ந்த தகராறைச் சுமுகமாகத் தீர்த்தேன். (நாங்கள் அனுப்பிய கடல்நீலத் துணி போதிய அளவு கடலாக இல்லை என்று அங்கே ஒரு கடைக்காரர் சொன்னார். நான்கு மின்னஞ்சலில் சமாதானமானார்.) அண்டைத் தரப்புடன் நீர்ப்பகிர்வு உடன்பாடு கண்டேன். (எங்களுக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும் ஒரே தண்ணீர் லாரி. யார் தொட்டிக்கு முதலில் என்பதை முடிவு செய்தோம்.) பன்மொழிக் குழு ஒன்றை வழிநடத்துகிறேன். இதற்கு விளக்கம் வேண்டாம். எங்கள் தையல் கூடத்தில் நான்கு மொழி பேசுகிறார்கள், நான் அந்த வழியாக நடப்பேன்.

இதழ் வந்தது. என் படம் பெரிதாக வந்தது. இரண்டு வாரம் மேகத்தில் மிதந்தேன். அதற்குள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. நான் படித்து முடித்த பிறகு கல்லூரியில் சேர்ந்த பேராசிரியர் அனுராதா மிஸ்ரா எழுதியிருந்தார். நியூஸ்லெட்டருக்குப் பொறுப்பு அவர்தான். ஆறு மாணவர்களோடு கோயம்புத்தூருக்குக் கருத்தரங்குக்கு வருகிறாராம். அப்படியே அரை நாள் உங்கள் மையத்தையும் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று முடித்திருந்தார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா நிதானமான மனுசர். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து வந்து, நாற்பது மிஷின் வரைக்கும் கொண்டுவந்தவர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார்.

"அதுக்கென்ன கண்ணு, வந்தா வரட்டும். ஏழு பேருக்குச் சோறு போடறதுக்கா இத்தன யோசன?"

"சோறு இல்லீங்கப்பா. ஆய்வு மையம்."

"அது எங்க இருக்குது?"

"அதத்தானுங்க நாம இப்பத் தொறக்கோணும்."

அப்பா மோரை ஊற்றிக் குடித்து முடித்தார். பிறகு செரி என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இது அப்பா கம்பெனி என்று தெரிந்தால் மானம் போய்விடும், அதனால் நீங்கள் என் அப்பா என்று காட்டிக்கொள்ள வேண்டாம், மையத்தின் மூத்த ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். இப்போது இதை எழுதும்போது கை நிற்கிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"ஆலோசகருன்னா என்ன பண்ணோணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றும் பண்ண வேண்டாம், அப்பப்போ யோசிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றேன். அம்மா குறுக்கே வந்து, அப்ப நானு ஆரு என்று கேட்டார். சமையல் ஏற்பாடு என்றேன். "அது இப்பவுந்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

பெயர்ப்பலகைக்கு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனில் சொன்னேன். திருப்பூரில் ஃபிளெக்ஸ் அடிக்க ஒரு மணி நேரம் போதும். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆங்கில வரியை வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன், பிசகில்லாமல் வந்தது. தமிழ் வரியைத்தான் வாயால் சொன்னேன். சத்தத்துக்கு நடுவே ஆய்வு என்றது அவர் காதில் ஓய்வு என்று விழுந்திருக்கிறது. கடைக்காரர் ஆர்வமானவர். பன்னாட்டு வணிக ஓய்வு மையம் என்று போட்டு, விஷயத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு தென்னைமரம், அடியில் ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் இளநீரும் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பலகை வந்து சேர்ந்தது. டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியவா போகிறது, மாட்டுங்கள் என்றேன்.

வேன் வந்து நின்றது. பேராசிரியர் மிஸ்ரா ஐம்பது வயதிருக்கும், நறுக்கென்ற கிராப்பு, கைத்தறிச் சேலை. எல்லோரோடும் ஆங்கிலத்தில் பேசினார், இடையிடையே மாணவர்களோடு இந்தியில். அப்பா வேன் கதவைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியத்தைப் பிசகாமல் ஒப்பித்து, இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். நான் சிரித்த முகத்தோடு, பல்லிடுக்கில், தமிழில் சொன்னேன். "அப்பா, இவ்வளவு குனியாதீங்க. ஆலோசகரெல்லாம் இப்படிக் குனிய மாட்டாங்க." அப்பா உடனே நிமிர்ந்து தாடையில் கைவைத்து யோசிக்க ஆரம்பித்தார். பேராசிரியர் தலையைத் தூக்கிப் பெயர்ப்பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தென்னைமரம் வட்டார ஆய்வின் குறியீடு என்று விளக்கினேன். மிகவும் பொருத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மாடிக்குப் போகும் வழியில் எஸ்தர் அக்கா எதிரே வந்தார். எஸ்தர் ஜெபமணி எங்கள் தையல் கூடத்தின் சூப்பர்வைசர். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், நாற்பது மிஷினையும் ஒற்றைப் பார்வையில் ஓட்டுகிறவர். அவரிடமும் தமிழில் கிசுகிசுத்தேன். இந்தம்மா ஏதாவது கேட்டால் சும்மா தலையை ஆட்டுங்கள், அவர்களுக்குத் தமிழ் ஓரெழுத்துத் தெரியாது, பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். எஸ்தர் அக்கா பேராசிரியரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "செரி பாப்பா. ஆனா அவிய மூஞ்சியப் பாத்தா ஒண்ணுந் தெரியாத ஆளு மாதிரி இல்ல" என்றார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற வேலையைத்தான் அப்பாவிடம் கொடுத்துவிட்டேனே.

சாம்பிள் அறையில் துணி மூட்டைகளை எல்லாம் போர்வை போட்டு மூடி, சுவரில் உலக வரைபடம் மாட்டி, முப்பது ஸ்லைடு தயார் செய்து வைத்திருந்தேன். நீர்ப்பகிர்வு ஸ்லைடு வந்ததும் தன்வி என்ற மாணவி, எந்த நதி என்று கேட்டாள். நான் பதில் யோசிக்கும்போது கீழே தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் ஓடிவந்து, இன்னிக்கு எங்க முறைங்க என்று சத்தம் போட்டார். அது ஒரு துணை நதி என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

பதினோராவது ஸ்லைடில் கீழே மிஷின்கள் நின்றன. நாற்பது மிஷின் ஒரே நேரத்தில் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். பிறகு ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் வாக்குவாதம் கேட்டது. கலாச்சாரப் பரிமாற்றம் நடக்கிறது என்றேன். பேராசிரியர் அதைத்தான் பார்க்க வந்தோம் என்று எழுந்து, எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். தையல் கூடத்துக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். யார் பாட்டுப் போடுவது என்று முன்பெல்லாம் தினம் சண்டை. எஸ்தர் அக்கா எல்லா ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துப் பேசி, ஓர் அட்டைப்பெட்டி மூடியில் தமிழிலும் இந்தியிலும் விதிகள் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். காலையில் முதலில் முருகன் பாட்டு. டீ வரைக்கும் தமிழ், சாப்பாடு வரைக்கும் இந்தியும் போஜ்புரியும், அதற்குப் பிறகு ஒடியா. வெள்ளிக்கிழமை கடைசி அரைமணி ஏசு பாட்டு. ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு முறை போடக்கூடாது. யாராவது ஊருக்குப் போகிற நாளில், அவர் கேட்கிற பாட்டு எந்த நேரத்திலும் உண்டு.

அன்றைக்கு இந்தக் கடைசி இரண்டு விதியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அயர்னிங் பிரிவில் இருக்கும் பிரதாப் தங்கை கல்யாணத்துக்காக ஒடிசா போகிறார், மதியம் ரயில். காலையிலேயே தன் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டார். கிளம்பும்போது இன்னொரு முறை வேண்டும் என்கிறார். பீகார்க்காரர்கள், இது எங்கள் நேரம், அதுவும் இரண்டாம் முறை, கூடவே கூடாது என்கிறார்கள். தமிழ்க்காரர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறார்கள். இரு பெரிய தரப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நூற்று இருபது பக்கம் எழுதியவள் நான். படியோரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.

எஸ்தர் அக்கா நடுவில் நின்று, இரண்டு தரப்பையும் முழுதாகப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு தனக்கே உரிய இந்தியில் (வினைச்சொல் இல்லாத இந்தி அது, ஆனால் என்னைத் தவிர எல்லோருக்கும் புரியும்) தீர்ப்புச் சொன்னார். பீகார்க்காரர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ கூடாதுங்கது ஸ்பீக்கருக்குத்தான சட்டம். வாய்க்குச் சட்டம் கிடையாதுல்லா. ஸ்பீக்கர நிறுத்து, அவனே பாடட்டும்னுட்டேன். நாங்களும் கூட நின்னு பாடுதோம்."

பிரதாப் கூச்சத்தோடு ஆரம்பித்தார். முதலில் கைதட்டியது பீகார்க்காரர்கள்தான். இரண்டாவது அடியில் நாசரேத், ராமநாதபுரம், கோபி ஊர்க்காரர்கள் எல்லாம் தெரியாத மொழியில் சேர்ந்துகொண்டார்கள். மாணவர்கள் என் ஸ்லைடுகளை மறந்துவிட்டு அட்டைப்பெட்டி மூடியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தன்வி ஒவ்வொரு விதியாக எழுதிக்கொண்டாள். இதை வகுத்தது யார் என்று பேராசிரியர் கேட்டபோது, சொன்ன சொல் தவறாத எஸ்தர் அக்கா சும்மா தலையை ஆட்டினார். நானோ இன்னும் பத்தொன்பது ஸ்லைடு பாக்கி என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு பின்பக்கத்து எங்கள் வீட்டில். இலை போட்டு, அம்மா பரிமாறினார். பேராசிரியர் பருப்பையும் நெய்யையும் பிசைந்து இரண்டாம் முறை வாங்கினார், மூன்றாம் முறையும் வாங்கினார். அம்மா மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர். அப்பாவைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்.

"பாவமுங்க இந்தம்மா. டெல்லியில பட்டினி போட்டிருப்பாங்களாட்ட இருக்குது."

"பட்டினியெல்லாம் இல்லீங்க" என்றார் பேராசிரியர். "இப்படிப் பருப்புஞ் சோறு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்க. எங்கப்பாவுக்கு ஈரோட்டுல பேங்க் வேலைங்க. பத்தாவது வரைக்கும் நானு அங்கதானுங்க படிச்சேன்."

ரசக் கரண்டி அம்மா கையில் அப்படியே நின்றது. மாணவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்கள் பாட்டுக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் காலையிலிருந்து நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் வரிசையாக ஓடியது. வேன் கதவு. பெயர்ப்பலகை. படிக்கட்டு. ஓரெழுத்துத் தெரியாது.

அப்பாதான் முதலில் தாடையிலிருந்து கையை எடுத்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நானு ஆலோசகரெல்லாம் இல்லீங்க. இது என்ற புள்ளைங்க."

"தெரியுமுங்க" என்றார் அவர். "வேன்ல இருந்து இறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. அப்பான்னு கூப்பிட்டுத்தான அப்பா இல்லைன்னு சொல்லிக்கொடுத்தா."

நான் எழுந்து கை கழுவப் போவதுபோல் போய், அப்படியே துணி கோடவுனுக்குள் நுழைந்து, ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். கடல்நீலத் துணிதான் பக்கத்தில் இருந்தது. அவர்கள் கோயம்புத்தூர் போய், விமானம் ஏறி, டெல்லியில் இறங்கி, ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஐந்து நிமிடத்தில், அப்பாவிடம் முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு பேராசிரியர் வந்து எதிர் ரோலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த நீலம் எதுவென்று கேட்டார், காட்டினேன். தடவிப் பார்த்தார். இது கடலாட்டத்தானே இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் அடங்கும் வரைக்கும் இருந்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த இதழ்ல திருத்தம் போடோணும் கண்ணு. நீயே எழுதி அனுப்பு. அம்பது வார்த்தை."

எழுதினேன். சாதனையை எழுதப் பத்து நிமிடம் ஆனது, திருத்தத்துக்கு நான்கு நாள் ஆனது. அச்சில் வந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்: "சென்ற இதழில் குறிப்பிடப்பட்ட கோகிலா, திருப்பூரில் தன் தந்தையின் குழந்தை உடை நிறுவனத்தில் பணிபுரிகிறார். ஆய்வு மையம் எதுவும் இல்லை. கடல் தகராறு ஒரு நீலத் துணியைப் பற்றியது. நீர்ப்பகிர்வில் லாரி சம்பந்தப்பட்டது. பன்மொழிக் குழுவை வழிநடத்துபவர் எஸ்தர் ஜெபமணி. பார்வையாளர்களுக்கு மூத்த ஆலோசகர் என்று அறிமுகம் செய்யப்பட்டவர் கோகிலாவின் அப்பா."

அதே பக்கத்தில் மேலே, படத்தோடு வேறொரு செய்தி. எங்கள் தையல் கூடத்துப் பாட்டு உடன்படிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரைக்காகத் தன்விக்கு அந்த ஆண்டின் சிறந்த மாணவர் கட்டுரைப் பரிசு. இணை ஆசிரியர் எஸ்தர் ஜெபமணி, திருப்பூர். ஓடிப்போய் எஸ்தர் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரி. என் இனிஷியல விட்டுட்டாவளே" என்றார். அதற்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் வந்தது.

என் திருத்தம் வந்த அன்று மாலையே என் வகுப்புத் தோழர்களின் வாட்ஸப் குழுவில் வரிசையாக வாக்குமூலம் வர ஆரம்பித்தது. ஐரோப்பிய மாநாட்டில் ரூபினா ஆற்றிய முக்கியப் பங்கு, ஓர் அதிகாரியின் தொலைந்துபோன சூட்கேஸை மூன்று விமான நிலையங்களில் தேடியதாம். வட துருவத்தைப் பற்றி அமித் உரையாற்றியபோது கேட்டவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மைக் சரிசெய்ய வந்தவர். படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சேர்ந்து படித்த இரண்டு வருடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.

வீட்டில் நடந்தது வேறு. நியூஸ்லெட்டர் என்ற சொல் எங்கள் குடும்ப அகராதியில் புதுப் பொருளோடு ஏறிவிட்டது. கணக்கில் நூற்றுக்கு நூறு என்று அண்ணன் மகன் வந்து சொன்னால், நெசமாவா நியூஸ்லெட்டரா என்று கேட்பார்கள். இது அசல் மலைத்தேன் என்று விற்க வந்தவரிடமும் அம்மா அதையே கேட்டார்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சோமனூர்ப் பையன், பெயர் தினேஷ், சட்டைகளில் வைக்கும் லேபிள் அச்சடிக்கும் தொழில். ஜாதகத்தோடு வந்த குறிப்பில் பன்னாட்டு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் என்றிருந்தது. அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க தம்பி, இதுல நியூஸ்லெட்டர் எவ்வளவுங்க?" என்றார். அவர் முழித்தார். உடனே அப்பா நடந்த கதை முழுவதையும் தென்னைமரம் உட்பட ஒன்று விடாமல் சபையில் சொல்லிவிட்டார்.

கதை முடிந்ததும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கம்பெனியில மொத்தம் ஆறு பேருங்க. வாட்ச்மேன் நேபாளமுங்க. அதனால பன்னாட்டுன்னு போட்டுட்டேனுங்க."

நான் உள்ளே போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு ரூபினா லிஸ்பனிலிருந்து வந்தாள், ஒரு போர்ச்சுகீசியத் தோழியையும் கூட்டிக்கொண்டு. தினேஷ் கம்பெனி வாட்ச்மேன் காட்மாண்டுவிலிருந்து குடும்பத்தையே வரவழைத்திருந்தார். மறு வாரம் நியூஸ்லெட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன்: முன்னாள் மாணவி கோகிலாவின் திருமணம் மூன்று நாட்டு விருந்தினர் முன்னிலையில் நடந்தது. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று முறை பருப்பு வாங்கிய பேராசிரியரிடமிருந்து உடனே தமிழில் பதில் வந்தது.

"நேர்ல வந்து எண்ணிப் பார்த்தாச்சுங்க. போட்டுக்கலாம்."